நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் போன குரல்

1977 ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மூத்த மகள் எழுந்து வந்து என் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து, "போயி மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றேன். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைக்குக் குரல் போய்விட்டது.

மறுநாள் காலை மதுரையில் அவளுக்கு பி.எஸ்சி. விவசாயப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. பி.யூ.சி.யில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஆனால் என் கணவரின் அண்ணன் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். இடம் கிடைத்தால் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தப்பட்டவள். என் மகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று எனக்குள் ஓயாத பயம்.

குரல் போனதற்குக் காரணம் எங்கள் தெருதான். இரண்டு பக்கமும் விசைத்தறி. வீட்டுக்குள் பக்கத்தில் நின்று பேசினாலும் பாதி கேட்காது. என் கணவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். "இன்டர்வியூல வாயத் தொறந்து கணீர்னு இங்கிலீஷ்ல பேசுறவங்களத்தான் எடுப்பாங்க" என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் இவர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு அதிகாரி மாதிரி உட்கார்வார். அவள் அடுப்படி வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும். மண்ணின் வகைகள், இலை உணவு தயாரிக்கும் விதம், எல்லாம் இங்கிலீஷில்தான். "கேக்கல. சத்தமாச் சொல்லுட்டி!" என்பார். அவள் தறிச் சத்தத்துக்கு மேலே கத்துவாள். நன்றாகத் தேறிவருகிறாள் என்றுதான் நானும் பூரித்துப்போயிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளாளுக்கு வைத்தியம். அடுத்த வீட்டுத் தறிக்காரர் மனைவி மிளகுக் கஷாயத்தோடு ஓடி வந்தாள். "என்ன மதினி இப்பிடிப் பண்ணிட்டிய! நாங்க தறி ஓடுதப்போ வாயசைவுலயே பேசிக்கிடுவோம். யாராவது அதோட போட்டி போட்டுக் கத்துவாவளா? தொண்டை என்ன இரும்பா?" என்று என்னைத் திட்டிவிட்டு மகளிடம், "குடிச்சிட்டியா? எங்க, அம்மான்னு சொல்லு பாப்போம்" என்றாள். வரவில்லை. எதிர்வீட்டிலிருந்து சித்தரத்தை வந்தது. "இப்பம் சொல்லு பாப்போம்." வரவில்லை. பனங்கற்கண்டுப் பால், உப்புத் தண்ணீர், கற்பூரவல்லிச் சாறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு "சொல்லு பாப்போம்." அவளும் பாவம், ஒவ்வொரு தடவையும் கழுத்து நரம்பு புடைக்க முயன்றுகொண்டே இருந்தாள்.

மத்தியானம் டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், "காலையில இருந்து இவளை எத்தனை தடவை பேச வச்சீங்க?" என்று கேட்டார். நான் கஷாயத்திலிருந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். பேசாமல் இருப்பது ஒன்றுதான் மருந்து, நாளைக்குள் சரியாகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

திங்கட்கிழமை விடிந்தபோது, காதை வாயருகே கொண்டுபோனால் மட்டும் கேட்கிற அளவுக்கு ஏதோ வந்தது. நானும் கூடப் போனால் அவள் அழுதுவிடுவாள் என்று கணவர் என்னை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிப்போனார். அவள் ஜன்னல் வழியாகக் கையைக் கூட ஆட்டவில்லை.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. சோறு வடித்தேன், சாப்பிடவில்லை. தறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் நெஞ்சில் அடிப்பது போல இருந்தது. 'வாயில்லாத பிள்ளையை யார் எடுப்பார்கள், ஆவணிக்கு எத்தனை நாள் இருக்கிறது' என்று மனம் அதையே சுற்றியது.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆவணியில் கல்யாணமும் ஆனது. ஆனால் அது பின்னால் தெரிந்த விஷயம். அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள். என் கணவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்.

"உள்ள நாலு பேரு இருந்தாங்க. இவ பேசுறது ஒருத்தருக்கும் கேக்கல. வெளிய அனுப்பிருவாங்கன்னுதான் நெனச்சேன். அதுல ஒரு புரொபசரம்மா எந்திரிச்சு, நாற்காலிய இவ பக்கத்துல இழுத்துப் போட்டு, இவ வாய்ல காத வச்சுக் கேட்டாங்க. கேட்டுக் கேட்டு, மத்தவங்களுக்குச் சத்தமாச் சொன்னாங்க. நான் வராண்டாவுல சன்னல் ஓரமா நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். யாரோ சொல்லுதாங்க, ஆனா அம்புட்டும் நம்ம பிள்ள பதிலு."

சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றப் போனார். என் மகள் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதில் சொன்னாள்.

"பயறுச் செடி வேர் முடிச்சு காத்துல இருந்து எதை எடுக்கும்னு கேட்டாங்கம்மா. நைட்ரஜன்னு தெரியும். பயத்துல ஆக்சிஜன்னு சொல்லிட்டேன். அவங்க என்னைய ஒரு நிமிசம் பாத்தாங்க. பொறவு, நான் சொன்ன மாதிரியே ஆக்சிஜன்னுதாம்மா சொன்னாங்க."

அந்த ஒரு வார்த்தையை அந்த அம்மாள் திருத்திச் சொல்லியிருக்கக் கூடாதா என்று சில நாள் ஏங்குகிறேன். ஆனால் என் மகளின் பேச்சை ஒரு சொல்கூட மாற்றாமல் எடுத்துச் சொல்ல அவளுடைய வாழ்க்கையில் அந்த ஓர் ஆள்தான் இருந்தார்.