பாலில் கட்டியாகாத ஜப்பான் பாசி

ஜப்பான்காரர்களின் பழுப்புக் கடல்பாசியைப் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சும் ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அரபு நாட்டில், நாங்கள் இருவர் தங்கியிருந்த கராமா ரூமில் பார்த்தேன். மருதாணித் தாடி, கீழக்கரைக்காரர். நோன்பு திறக்க ஊரில் செய்யும் வெள்ளைக் கடல்பாசி மாதிரி இதுவும் கட்டியாகும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். அதுவோ சூட்டில் பச்சை நிறமாகி ஊதி, மீன் வாடையோடு மிதந்தது.

“பாய், இது சூப்புல போடுறது. சத்து மாத்திரையாக்கூட விக்கிறான். ஜென்மத்துக்கும் கட்டியாகாது!”

“சிரிக்காத தம்பி. பள்ளில நூறு பேரோட நோம்பு தொறக்குறேன். ஒருநாளாவது ரூம்ல ஒருத்தனோட தொறக்கணும்னு ஆசை.”

வாடை தாங்காமல் ஷவர்மா வாங்க ஓடிவிட்டேன். திரும்பியபோது தனியாகவே நோன்பு திறந்து, தன் கிண்ணத்தைக் கழுவிவிட்டு, எனக்கானதை மூடி வைத்திருந்தார். சிங்க்கில் கொட்டினேன். அடுத்த மாதம் அவர் ஊருக்கே போய்விட்டார்.

இப்போது ரூமில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.