ஜெராக்ஸ் அக்காவின் நான்கு நிமிடம்

குடை ஒன்று பையில், இன்னொன்று அலுவலக மேசையடியில். வீட்டுச் சாவி ஒன்று இடுப்பில், இன்னொன்று மூன்று தெரு தள்ளித் தங்கை வீட்டில். கிளம்பும் முன் அக்கா தினமும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறார். "ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு இருந்தா, அது ஒண்ணுதான்" என்பார். மருத்துவமனையில் அவருக்கு 'ஜெராக்ஸ் அக்கா' என்றே பெயர்.

அங்கே எடுக்கும் ஸ்கேன் படங்கள் எல்லாம் அறுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கட்டடத்துக் கணினியிலும் உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும். அதுதான் அவர் வேலை. இங்கே தீயோ வெள்ளமோ வந்தாலும் அங்கே படங்கள் பிழைக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த எந்த மாற்றமும் ஒரு மணி நேரம் காத்திருந்துதான் அங்கே நடக்கும். அது அக்காவின் பிடிவாதம். "மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. நாம தப்பா அழிச்சா அதுவும் அழிச்சிரும். முழிச்சுக்க நேரம் வேணாமா?"

போன செவ்வாய்க்கிழமை காலை, சக ஊழியர் ஒருவர் வேண்டாத கோப்பு என்று நினைத்து ஆறு வருடப் படங்களை அழித்துவிட்டார். பழைய படம் இல்லாமல் ஒரு கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்று மருத்துவர் எப்படிச் சொல்வார்? விஷயம் தெரிந்தபோது ஐம்பத்தாறு நிமிடம் ஓடிவிட்டது. இன்னும் நான்கு நிமிடத்தில் தூரத்துக் கணினியும் அவற்றை அழித்துவிடும். தன் மேசையிலிருந்தே அதை நிறுத்தப் பார்த்தார் அக்கா, இணைப்பு கிடைக்கவில்லை. அங்கே அழைத்தபோது தொலைபேசியை எடுத்தவர் அந்தக் கட்டடத்துக் காவலாளி.

"அண்ணே, முதல் அலமாரி, மேல் மெஷின். பின்னாடி கறுப்பு வயரப் பிடுங்குங்க."

"தொட்டா வேலை போயிரும்னு நீங்கதானம்மா எழுதி ஒட்டியிருக்கீங்க."

"ஒட்டினவளே சொல்றேன். பிடுங்குங்கண்ணே."

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "பிடுங்கிட்டேன். விளக்கு இன்னும் எரியுதே."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்று இரண்டு மின்வயர் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான்.

"எதிர்ப்பக்கம் இன்னொண்ணு இருக்கும்."

"எதுக்கெடுத்தாலும் ரெண்டாம்மா உங்களுக்கு?"

"திட்டறத அப்புறம் திட்டுங்க. இப்ப இழுங்க."

"அணைஞ்சிருச்சு."

நாற்பது நொடி மிச்சம் இருந்தது.

மாலைக்குள், அங்கே காத்திருந்த அந்த அழிக்கும் கட்டளையை மட்டும் எடுத்துவிட்டார்கள். இனி ஒரு பொத்தானை அழுத்தினால் படங்கள் திரும்பி வரத் தொடங்கும். அழித்தவர் காலையிலிருந்து எந்தக் கணினியையும் தொடாமல் சுவரோரம் நின்றிருந்தார். அக்கா எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.