நிலவறையில் ஒரு நீதிபதி

கணினியில் கார்ப் பந்தயத்துக்கு உட்காரும் முன் ஹார்ட்விக் எஸ்ஸர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார், மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பார், மின்விசிறியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்புவார். காற்று அடிக்காவிட்டால் வேகம் தெரியாதாம். பிறகு நிலவறைப் படிக்கட்டைப் பார்த்து, "ரோஸ்விதா, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு நான் வீட்ல இல்ல" என்று குரல் கொடுப்பார். மேலே சமையலறையிலிருந்து மனைவி, "இருந்தா மட்டும்?" என்பார்.

பகலில் கோப்லென்ஸில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்ததும், யாரோ நொறுக்கிய காரிலிருந்து வாங்கி வந்த இருக்கையில் அமர்ந்து, மேசையில் திருகிய ஸ்டியரிங்கைப் பிடித்துத் திரைக்குள் பறக்கிறார். ஆனாலும் பேருந்துப் புத்தி போகாது. டயர் மாற்றிக்கொண்டு பந்தயப் பாதைக்குத் திரும்பும்போது தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார். அங்கே துணி துவைக்கும் இயந்திரம்தான் நிற்கும். யாராவது முந்த வந்தால் ஒதுங்கி, கையசைத்து வழிவிடுவார். முந்துகிறவன் ஹாம்பர்க்கில் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பான், அவனுக்குக் கையும் தெரியாது மரியாதையும் தெரியாது. இப்படி ஓட்டினால் பரிசு எங்கிருந்து வரும்? இணையத்தில் பந்தயம் ஓட்டும் எங்கள் குழுவில் அவர் பல வருடமாக நடுவிலேயே வந்துகொண்டிருந்தார்.

அப்படியும் அவரென்றால் எல்லோருக்கும் நடுக்கம். பந்தயத்தில் இடிபட்டவர்கள் புகார் அனுப்புவார்கள். பந்தயத்தின் காணொளிப் பதிவை ஓட்டிப் பார்த்துத் தண்டனை கொடுக்க மூவர் இருக்கிறோம். ஹார்ட்விக் தலைவர். நானும் இன்னொருவரும் தலையாட்டுகிறவர்கள். ஒருமுறை ஒருவனை இடித்ததற்காக, ஓடிய நேரத்தில் ஐந்து வினாடி கூட்டி எனக்கே தண்டனை போட்டார். டயர் சூடாகவில்லை, அதனால்தான் வழுக்கியது என்று மேல்முறையீடு செய்தேன். "பனி பெஞ்ச அன்னைக்கு பஸ்ஸ நிறுத்தத்துல ஏத்திட்டு, டயர் சூடாகலன்னு சொன்னா விட்டுருவாங்களா?" என்று கேட்டு மனுவைத் தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரன் என்கிற தயவெல்லாம் அவரிடம் நடக்காது.

இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் மனிதர் மூன்றாவதாக வந்துவிட்டார். வாழ்நாளில் முதல் முறை. அவர் போட்ட சத்தத்தில் என் நாய் குரைத்தது. ரோஸ்விதா உருளைக்கிழங்கு அடை சுட்டு, ஆப்பிள் கூழோடு எங்களுக்கும் கொடுத்தனுப்பினார். மூன்றாம் இடத்துக்கு ஒரு கோப்பை உண்டு. கோப்பைகளை வாங்கி வைத்திருந்தவரும் ஹார்ட்விக்தான். வரவேற்பறை அலமாரியில் ரோஸ்விதா அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார்.

மறுநாள் ஆசைக்கு ஒருமுறை பதிவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். வந்தது வினை. கடைசி வளைவில் அவருடைய முன்சக்கரம் ஹாம்பர்க்கில் இருக்கும் டோர்பன் என்பவனின் பின்பக்கத்தை லேசாகத் தட்டியிருந்தது. டோர்பன் தடுமாற, இவர் முந்திவிட்டார். அவனோ தன் கைதான் தவறியது என்று நினைத்திருந்தான்.

"யாரும் புகார் குடுக்கல. புகார் இல்லன்னா விசாரணை இல்லன்னு விதி போட்டதே நீதான். விடுப்பா" என்றேன்.

"அப்ப புகார் குடுத்துட்டாப் போச்சு" என்றார்.

தன் மீதே புகார் அனுப்பினார். டோர்பன், இதெல்லாம் ஒரு இடியா, கோப்பையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதினான். நாங்கள் இருவரும் அதையே சொன்னோம். ஹார்ட்விக் பதிவைப் பல கோணங்களில் ஓட்டிக் காட்டி எங்கள் வாயை அடைத்து, தனக்கு ஐந்து வினாடி போட்டார். மூன்றாம் இடம் டோர்பனுக்குப் போனது.

அன்று மாலையே மேல்முறையீடும் வந்தது, ஹார்ட்விக்கிடமிருந்து. இதுவரை யாரையும் இடித்ததில்லை, இதுவரை ஒரு கோப்பையும் கிடைத்ததில்லை என்று இரண்டே காரணங்கள். ஏற்றுக்கொள்ளலாம் என்று நாங்கள் இருவரும் எழுதினோம். மேல்முறையீட்டில் தலைவர் சொல்வதே முடிவு. அவர் பதில் சுருக்கமாக இருந்தது: ஆசைப்பட்டதெல்லாம் ஒரு காரணமாகாது, மனு தள்ளுபடி.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று போனேன். நிலவறையில் புருஷனும் பெண்டாட்டியும் கோப்பையை ஹாம்பர்க்குக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கசக்கிய செய்தித்தாளைச் சுற்றிலும் திணித்து, பெட்டியை மூடப் போன ஹார்ட்விக் நிறுத்தினார். கோப்பையை வெளியே எடுத்தார். ஒரு பீர் பாட்டிலைத் திறந்து அதில் ஊற்றினார். நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டு, மீதியை ரோஸ்விதாவிடம் நீட்டினார். அவர் குடித்து முடித்ததும் அதை வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உள்ளே வைத்து டேப் ஒட்டினார்.