சூடம் கொளுத்தக் கூடாத வீடு

என் அப்பா சம்சு சாராயத்தை விட்டுப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று போன வருடம் நான் முடிவு கட்டினேன். நானே போலீஸ், நானே நீதிபதி. இதை எழுதும்போது முகம் சுடுகிறது. எழுதாமல் விட்டால் நடந்ததை எனக்குத் தோதாக மாற்றி வைத்துக்கொள்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் மலேசியாவில், மம்பாவுக்கு அப்பால், போர்டிக்சன் போகிற வழியில் இருந்தது. இப்போது அங்கே வரிசை வரிசையாக மாடி வீடுகள். அப்பா பால் வெட்டியவர் இல்லை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோடும் கட்டடத்தில் அடுப்பு பார்த்தவர். கட்டை தள்ளுவதும், புகைக்குள்ளே போய் ஷீட்டைத் திருப்பிப் போடுவதும்தான் முப்பது வருட வேலை. வெளியே வந்ததும் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சுருட்டு பற்றவைப்பார். இதைச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

நுரையீரல் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஏழெட்டு வருடம் இருக்கும். நான் அம்பாங்கானில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். இழுக்கிற மருந்தை எப்படிக் குலுக்குவது, எப்படி மூச்சைப் பிடிப்பது என்று தினம் யாருக்காவது சொல்லிக்கொடுப்பேன். அப்படிப்பட்ட நானே, நெஞ்சு நோய் நெஞ்சோடு நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அப்பாவுக்குக் காலைத் தலைவலி. எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு பகல் தூக்கம். சாப்பிடும்போதே கண் சொருகும். கண்கள் சிவந்திருக்கும், முகம் பளபளவென்று இருக்கும். பேச்சு இழுக்கும். ஒருநாள் டிவி ரிமோட்டை ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டு, நான் ஒளித்து வைத்துவிட்டதாகச் சண்டை போட்டார். இன்னொரு நாள் விடிகாலையில் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்று கேட்டேன். பெரட்டுக்கு நேரமாச்சு, மண்டோர் பேர் கூப்பிட்டுருவான் என்றார். விடியலில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக் களமும் இப்போது இல்லை, வேலை மேய்த்த அந்த மண்டோர் செத்தே பத்து வருடம் ஆகிறது.

என் சின்ன வயதில் சம்சு குடித்துவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே கண், அதே முகம், அதே இழுப்பு. அப்பாவையும் அப்படிப் பார்த்தவள்தானே நான்? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் தூங்கும்போது குனிந்து வாயை மோந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. செருப்பு அலமாரி, மெத்தைக்கு அடி, மோட்டார் சீட்டுக்குள் இருக்கும் பெட்டி, எல்லாம் துழாவினேன். ஒரு பாட்டிலும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் போயிருக்க வேண்டும். எனக்கு அது கூடிப்போனது. கிழவர் பலே ஆள் என்று நினைத்தேன்.

தோட்டத்தில் கோழி காணாமல் போனாலும், புருஷன் மேல் சந்தேகம் வந்தாலும், கடைசியில் சூடத்துக்குத்தான் வருவார்கள். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்பா குடியை விட்டதும் அப்படித்தான். அம்மா படுக்கையில் கிடந்தபோது, அம்மா கண் முன்னால் சூடம் அடித்தார். அடுத்த மாதம் அம்மா போய்விட்டார். அப்பா அந்தச் சத்தியத்தைத் தாண்டவில்லை.

அதே சூடத்தை நான் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா படத்துக்கு முன்னால் தட்டில் வைத்துக் கொளுத்தி, குடிக்கவில்லை என்றால் அடியுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்தார், மூச்சு வாங்க நின்றார், கையை நீட்டினார்.

அந்தக் கை நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து தொய்ந்து விழுந்தது, எழுந்தது, மறுபடியும் விழுந்தது. நெருப்புக்கு மேலே அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. புகை ஏறி இருமல் வந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தார்.

"கை நடுங்குதுல்ல? அம்மா பாத்துக்கிட்டுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சூடத்தைக் கரண்டியால் மூடினேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கையையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம், யாரோ ஒரு மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப குடிச்சிருப்பேன் போலருக்கு. எனக்குத்தான் ஞாபகம் இல்ல."

ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது எனக்கு. இதுதான் எழுத மிகவும் கூசுகிற வரி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரை எழுப்ப முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள், முகத்தில் இறுக்கமாக மாஸ்க் மாட்டிக் காற்றைத் தள்ளினார்கள். மறுநாள் கண் விழித்தார். வார்டு டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். போலீஸ்காரர் காரை நிறுத்துகிற மாதிரி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். அப்பா நீட்டினார். சூடத்துக்கு மேல் ஆடிய அதே ஆட்டம், இப்போது இரண்டு கையிலும்.

டாக்டர் மலாயில் பொறுமையாக விளக்கினார். நுரையீரலால் கெட்ட காற்றை வெளியே தள்ள முடியவில்லை. அது ரத்தத்திலேயே தங்கி மூளைக்கு ஏறுகிறது. அதனால்தான் தலைவலி, தூக்கம், குழப்பம், சிவந்த கண், இந்தக் கை. நல்ல காற்று வருடக்கணக்காகப் போதாமல் ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஆள் குடித்திருக்கிற மாதிரியே இருக்கும் என்றார். கை இப்படி ஆடுவதை முன்பு எப்போதாவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன். கட்டிலில் அப்பா கேட்டுக்கொண்டிருக்க, கூசாமல் பொய் சொன்னேன்.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷினோடு வந்தோம். மெஷின் ஓடுகிற வீட்டில் நெருப்பு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஊதுபத்தி இல்லை, சூடம் இல்லை. அம்மா படத்துக்கு முன்னால் ஒரு சின்ன பல்பு எரிகிறது.

அப்பாவின் பேச்சு தெளிந்துவிட்டது. பெரட்டுக்குக் கிளம்புவதில்லை. ரிமோட் அதனிடத்தில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதங்களில் பாதி அவர் ஞாபகத்தில் இல்லை. மீதி இருப்பதில் என் குரல் இருக்கிறது. போர்டிக்சனில் இருக்கும் என் அண்ணனுக்கு போன் போட்டு, குடித்து உங்களையெல்லாம் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அம்மா படத்தைப் பார்க்கும்படி உட்காருவதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டார்.

நான் சொன்னேன். ஒரு தரம் இல்லை, தினம் சொன்னேன். நீங்கள் ஒரு சொட்டும் தொடவில்லை, அது நோய், தப்பு என்னுடையது என்று. பொறுமையாகக் கேட்பார். நான் அவர் மனதுக்கு ஆறுதலாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்வார்.

"நீதானம்மா சொன்ன. கைகூட நடுங்குச்சே. இப்ப மாத்திப் பேசாதலா" என்றார் ஒரு சாயங்காலம்.

அவர் நம்புவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவர் எனக்குக் காட்டிய வழி. ஜன்னலைச் சாத்தினேன். ஆக்சிஜன் குழாய் எட்டுகிற மட்டும் நாற்காலியை ஜன்னல் கண்ணாடி அருகே இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். நான் வெளியே, கேட்டையும் தாண்டி, ரோட்டோரம் கால்வாய்க்குப் பக்கத்தில் போய்ச் சிமெண்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அப்பா குடிக்கவில்லை என்று, அவர் காதில் விழாது என்று தெரிந்தும், சத்தமாகச் சொன்னேன். அடித்தால் சட்டென்று கையை எடுத்துவிடுவார்கள். நான் எடுக்கவில்லை. அழுத்தி வைத்திருந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. அவர் விரல்கள் அதைத் தொடாமல் ஓரமாகச் சுற்றி வந்தன. எதையும் மறக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அப்பா குடிச்சதுக்கு" என்றார், "நீ ஏம்மா சூடம் அடிச்ச?"