சவுரிக்கு அடியில்

எழுபதுகளில் என் தம்பிக்குச் சின்னமனூரில் பெண் பேசி முடித்து, பூ வைக்கப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அக்கா என்பதால் பெண்ணுக்குப் பூச்சூட்டும் உரிமை எனக்கு. சரத்தைச் செருகப் பின்னந்தலையில் கை வைத்தேன். சவுரிக்கு அடியில் முடியே இல்லாமல், மூன்று விரல் அகலத்துக்கு வழுவழுவென்று ஒரு தழும்பு.

அவள் என் காதோடு சொன்னாள்: "மதினி, சின்னப்பிள்ளையில வெல்லப்பாகு கொட்டிருச்சு. மதுரையில டாக்டர் தழும்பக் கொஞ்சங்கொஞ்சமா வெட்டியெடுத்து, முடியுள்ள தோல இழுத்துத் தைக்கிறாக. ரெண்டு ஆபரேசன் முடிஞ்சிருச்சு, இன்னும் ஒண்ணுதான். இங்கன வச்சுச் சொல்லிராதீக."

சொன்னேன். வீடு முழுக்கக் கேட்கும்படி, "மொட்டைத் தலைக்குச் சவுரி வச்சு எங்கள ஏமாத்துறீகளா?" என்று கத்தினேன். திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

அவள் அழவில்லை. பூவோடு சேர்த்துச் சவுரியைக் கழற்றி, நாங்கள் கொண்டுபோன பூத்தட்டிலேயே வைத்தாள். தையல் ஓடிய அந்தத் தலையை எல்லோரும் பார்த்தார்கள். என் தம்பி மட்டும் தரையைப் பார்த்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் சொன்னான்: "எனக்குத் தெரியும்க்கா. அவுக அப்பா மொதல்லயே சொல்லிட்டாக. சம்மதம்னுதான் வந்தேன்."

"அங்கனயே ஏண்டா சொல்லல?"

"நீ கத்துன பெறகு எனக்கு வாயே வரல."

சம்பந்தம் அதோடு முறிந்தது. மூன்றாவது ஆபரேஷனுக்கு அவள் போகவே இல்லையாம். "ஊரே பாத்தாச்சு, இனி எதுக்கு?" என்றாளாம்.

தம்பியைக் கோழை என்று பல வருடம் திட்டினேன். அவனைத் திட்டிக்கொண்டிருந்தவரை, என்னை நான் எதுவும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.