ஒரே பிளேட்டில் மேகமும் கங்கையும்

காளிகாட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம் சொந்தமாக ஒரு மேகம் இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போதைய கண்ணாடி பிளேட்டுகளுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். தரை சரியாகப் பதிவதற்குள் வானம் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். அதனால் தனியாக எடுத்து வைத்த மேக நெகட்டிவ் ஒன்றை எல்லாருடைய படத்திலும் சேர்த்து அச்சிடுவார். அதே மேகம் டார்ஜிலிங் மலைமேலும் நிற்கும், பாலிகஞ்ச் குளத்தின்மேலும் நிற்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. கார்டன் ரீச்சில் கங்கையையும் அதன்மேல் திரளும் மழைமேகத்தையும் ஒரே பிளேட்டில் பிடித்து, அமெச்சூர் போட்டோக்காரர்களின் கண்காட்சிக்கு அனுப்புவதென்று கிளம்பினேன். கையிலிருந்தவை இரண்டே பிளேட்டுகள். அடுத்த பெட்டி கப்பலில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும்.

“ஆகாசத்தோட மல்லுக்கட்டாதே, மத்ராஸி பாபு. என் மேகத்தை எடுத்துக்கோ. எத்தனையோ பேருக்கு உழைச்ச மேகம்,” என்றார் ஸ்டூடியோக்காரர், வங்காள மொழியில்.

என் யோசனை சுலபமானது. லென்ஸ் திறந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, வானம் தெரியும் பக்கத்தை ஒரு விசிறியால் மறைக்க வேண்டும். விளிம்பு கோடாக விழாமலிருக்க விசிறியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பனையோலை விசிறியைக் கறுப்பாக்கும் வேலையை அக்கா ஏற்றுக்கொண்டாள். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, குழந்தைக்குக் கண்மை கூட்டுவது போலக் கூட்டி, இரண்டு பக்கமும் பூசித் தந்தாள்.

மறுநாள் காலை குதிரை வண்டியில் போனோம். காமிராவின் முக்காலியைச் சுமந்து வந்தவர் அக்காவின் கணவர், அத்திம்பேர்.

“கங்கைக்கா விசிறப் போறே? வேர்க்கறதா அவளுக்கு?”

“நீங்க வாய்விட்டுப் பத்து எண்ணுங்கோ, அது போறும்.”

முதல் பிளேட் முடிந்தது. ஏதோ உறுத்தியது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அத்திம்பேரை விசிறியை ஆட்டச் சொன்னேன். மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கிய ஆற்றுக்குக் கீழே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு பளபளப்பு ஓடியது. விளக்கெண்ணெய் மினுக்கம். அந்த பிளேட் போயிற்று.

“உங்க அக்கா மை நன்னாத்தான் இருக்கு, கண்ணுக்கு,” என்றார் அத்திம்பேர்.

படிக்கட்டில் இறங்கிக் கரைச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி விசிறியில் தேய்த்தேன். மினுக்கம் செத்தது. இதற்குள் மேகம் கிழக்கே விலக ஆரம்பித்திருந்தது. லென்ஸ் மூடியைக் கழற்றினேன். அத்திம்பேர் எண்ணினார். எட்டு வரைக்கும் வீசினேன். பிறகு வானத்தைத் திறந்துவிட்டேன்.

பகலிலேயே சாமான் அறை ஜன்னலைச் சாக்கால் அடைத்து, சிவப்பு விளக்கில் கழுவினேன். கல்கத்தா வெக்கையில் பிளேட்டின் பூச்சே உருகி வழிந்துவிடும் என்பதால் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டிருந்தேன். விரல் மரத்துப்போயிற்று. முதலில் படகுகள் வந்தன, பிறகு அக்கரை. வானம் வரவில்லை. வரவில்லை. பிறகு ஒரு மூலையில், நெகட்டிவில் வெளிச்சம் பதியும் விதமாக, மேகத்தின் விளிம்பு கறுத்தது. அங்கிருந்து பரவிக்கொண்டே போயிற்று.

கதவுக்கு வெளியே அக்கா, “என் மையாலே கெட்டுடுத்தாடா?” என்றாள்.

“கெடல. வந்திருக்கு. அத்தனையும் வந்திருக்கு.”

உலரும்வரை அந்த அறைப் பக்கம் யாரையும் விடவில்லை. புளி எடுக்க வந்த அக்காவையும்தான்.

கண்காட்சி விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: படம் எத்தனை நெகட்டிவிலிருந்து அச்சிடப்பட்டது? ‘ஒன்று’ என்று எழுதிய வேகத்தில் பேனா முள் தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் வாங்கி எழுதச் சொன்னார் அத்திம்பேர். நான் கிழிந்ததையே அனுப்பினேன்.