துரையின் ஜீப்புக்கு அப்பா மாட்டிய சாமான்கள்

அப்பா அந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்த அன்று அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபத்தில் அறைந்து சாத்தவில்லை. மழைச் சாரல் அடித்தால் எப்படிச் சாத்துவாரோ அப்படி, நிதானமாக. அப்பா வாசலில் நின்று ஹாரன் அடித்தார். யாராவது ஒருவர் போக வேண்டுமே என்று நான் போனேன். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி வைத்தேன். நன்றாகவெல்லாம் இல்லை. பத்து வருடம் சேற்றில் உழன்ற வண்டி எப்படி இருக்கும்?

சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா தோட்டத்து மேனேஜரான துரைக்கு டிரைவராக இருந்தார். எண்பதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை விட்டு எல்லோரும் கிளம்பினோம். நாங்கள் டவுன் ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்கு வந்தோம். அப்பா லோரி ஓட்டப் போனார், நான் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். தோட்டத்து ஆபீசின் மேசை நாற்காலியோடு துரையின் பழைய ஜீப்பும் ஏலத்துக்கு வந்தபோது, வேலை முடிந்ததற்குக் கிடைத்த பணத்தை அப்பா அதில் போட்டுவிட்டார். குடும்பம் மொத்தமும் ஒன்றாகப் போய்வரலாம் என்றார். குடும்பம் மொத்தம் என்றால் மூன்று பேர். நான்காவது ஆளாக ஒரு தம்பி இருந்தான். அவன் போனதற்கும் அந்த ஜீப்புக்கும் இருந்த சம்பந்தம் எங்கள் மூவருக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது அது. எனக்கு ஒன்பது வயது இருக்கும், தம்பிக்கு இரண்டு. மதியத்துக்கு மேல் அவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. எங்கள் லயம் பள்ளத்தில் இருந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரி மேட்டில். அம்மா அவனை முந்தானையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நல்ல மழை. நான் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். செம்மண் பாதை வழுக்கியது. வாய்க்கால் மேல் இருந்த சின்னப் பாலத்துக்கு வந்தபோது பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. "அப்பா வந்துட்டாருடி" என்றார் அம்மா. அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. துரையின் ஜீப் வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கிவிடுவார். நடந்து போகிறவர் பாதையை விட்டுப் புல்லில் ஒதுங்குவார். குடை பிடித்திருந்தால் மடக்குவார். மழையானாலும் வெயிலானாலும் மடக்குவார். இதை எந்தத் துரையும் சட்டமாகப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டுப் பழகிய சத்தத்துக்கு உடம்பு தானாகவே ஒதுங்கும், அவ்வளவுதான். அன்றும் அம்மா ஒதுங்கினார். என் கையிலிருந்த குடையைப் பிடுங்கி மடக்கினார். பிள்ளையோடு புல்லில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஜீப்பிலிருந்து பார்த்தால் தூங்குகிற குழந்தையோடு ஒரு பெண் மரியாதையாக நிற்கிறாள் என்றுதான் தெரிந்திருக்கும். துரை வழக்கம்போல ஒரு விரலை நெற்றிவரை தூக்கினார். அப்பா எங்களைப் பார்த்தார். ஜீப் நிற்காமல் போய்விட்டது.

மிச்சத் தூரத்தையும் நடந்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் இடத்தில் இருந்த டிரஸ்ஸர் தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றார். காரியம் முடிந்ததும் அப்பா மறுபடியும் அதே ஜீப்பில் ஏறி வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வார்? இருந்த வீடு தோட்டத்து வீடு, தின்ற சோறு தோட்டத்துச் சோறு. இப்போது இப்படி நியாயம் பேச வருகிறது. அன்றைக்கு அப்பாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படிப்பட்ட ஜீப்பைத்தான் அப்பா வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். ஏன் வாங்கினார் என்று நான் பல நாள் குழம்பினேன். வேறு யாராவது வாங்கி, அது டவுனில் எங்கள் கண்முன்னால் ஓடினால் தாங்காது என்று நினைத்தாரோ என்னவோ. என்றைக்காவது ஒருநாள் அம்மாவை அதன் முன்சீட்டில் ஏற்றிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பியது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அதற்காக, அது துரையின் ஜீப் என்பதே தெரியாமல் ஆக்கிவிடக் கிளம்பினார்.

முதலில் சாயம். மங்கிய பச்சையாக இருந்ததைக் கருஞ்சிவப்பு ஆக்கினார். கதவைத் திறந்தால் கீல் இடுக்கில் பழைய பச்சை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு, எனக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போவார். கார் சாமான் கடைகள் வரிசையாக இருந்த ஒரு சந்தில் வயதான சீனர் ஒருவரின் கடை. உள்ளே ரப்பர் பாயின் வாசமும் பெயின்ட் வாசமும் கலந்து தலையை வலிக்க வைக்கும். சீட் உறைக்கான துணித் துண்டுகளை அந்தக் கடை முதலாளி, தவுக்கே, மேசைமேல் பரப்புவார். "அம்மாவுக்கு எது பிடிக்கும், பாப்பா?" என்று அப்பா கேட்பார். "அழுக்குத் தெரியாத கலரா எடுங்கப்பா" என்பேன். அவர் மாம்பழ மஞ்சளை எடுத்தார். அம்மாவின் கல்யாணச் சேலை அந்த நிறமாம்.

அடுத்து முன்பக்கத்தில் கனத்த இரும்பு பார். அதை மாட்டியதும் ஜீப்பின் முகமே மாறிவிட்டது என்று அப்பா சந்தோஷப்பட்டார். பாரின் மேல் இரண்டு மஞ்சள் விளக்குகளை வைத்தார். அம்மா ஜன்னல் வழியாக ஒரு தரம் பார்த்தார். "மூக்குக்கண்ணாடி போட்டுட்டா ஆளு மாறிடுமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். கூரைமேல் கேரியரை அப்பாவே ஓட்டை போட்டு மாட்டினார். பழைய டயர் டியூபை வட்டமாக வெட்டி ஒவ்வொரு போல்டுக்கும் அடியில் வைத்தார். அப்படியும் மழை பெய்தால் பின்சீட்டில் சொட்டியது, நான் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள், "இந்தக் கெழட்டு வண்டிக்கு எதுக்குண்ணே இவ்ளோ?" என்று கேட்டார். "யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா?" என்று அப்பா சிரித்தார். அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்" என்றார், சட்டியிடம்.

ஒரு தடவை மட்டும் அம்மா காரணம் சொன்னார். அதுவும் என்னிடம். "வெளிய எத மாட்டுனாலும் சத்தம் அதே சத்தந்தான்டி." நான் போய் அதை அப்பாவிடம் சொன்னேன். மறுவாரமே சைலன்சரை மாற்றினார். ஹாரனையும் மாற்றினார். சத்தம் குறைந்தது, ஆனாலும் அடியில் இருந்த அந்த உறுமல் போகவில்லை. பிறகு ஒரு கேசட் பிளேயரையும் இரண்டு ஸ்பீக்கரையும் வாங்கி, கதவு அட்டையை வட்டமாக அறுத்துப் பொருத்தினார். பாட்டுப் போட்டால் இன்ஜின் கேட்காது என்று எனக்கு ஓட்டிக் காட்டினார். பாட்டுக்கு நடுவில் கியர் மாற்றும்போதெல்லாம் கேட்டது. 

தைப்பூசத்துக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இரும்பு பாருக்கு மாலை போட்டுத் தயாராக நின்றார். அம்மா அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போய் பஸ் ஏறினார். அப்பா என்னை ஏற்றிக்கொண்டு அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஈப்போ வரைக்கும் ஓட்டினார். நான் பின்சீட்டில்தான் உட்கார்ந்தேன். முன்சீட்டு உறைமேல் இருந்த பிளாஸ்டிக்கை அவர் பிரிக்கவே இல்லை. முதலில் அம்மா உட்கார வேண்டுமாம். பஸ்ஸின் கடைசிக் கண்ணாடியில் அம்மாவின் கொண்டை தெரிந்தது, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்கு இருவர்மேலும் எரிச்சலாக வந்தது.

கடைசியாக வாங்கியது படி. வண்டி உயரம், வீட்டுக்காரம்மாவுக்கு ஏறக் கஷ்டமாக இருக்கும், பக்கவாட்டில் குழாய்ப் படி வைத்துவிடு என்று தவுக்கே மலாயில் யோசனை சொல்லியிருந்தார். என்ன உயரத்தில் வைப்பது? அப்பா அம்மாவைக் கேட்க முடியுமா? அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, வாசல் பலகைப் படியின் உயரத்தை ஒரு சணல் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்தக் கயிற்றைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்து ஈப்போவுக்குக் கொண்டுபோய், அதே உயரத்துக்குப் படியை இறக்கி வெல்டிங் வைக்கச் சொன்னார். சீனர் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவைப் பார்த்து அத்தனை வருடத்தில் எனக்குப் பாவமாக இருந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போனார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா ஏறிப் பாரேன்மா. நம்ம வீட்டுப் படி ஒசரந்தான் வச்சிருக்கு."

"எதுக்குங்க இதெல்லாம்?"

அந்த இரண்டு வார்த்தையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "படி ஒசரமாப்பா பிரச்சினை?" என்று கத்தினேன். "அன்னிக்கி ஏன் நிக்கலன்னு ஒருத்தரும் கேக்க மாட்டீங்க, ஒருத்தரும் சொல்ல மாட்டீங்க. சாயம் அடிச்சி, பாட்டுப் போட்டு, யார ஏமாத்துறீங்க ரெண்டு பேரும்?"

அப்பாவின் கையில் இன்னும் ஸ்பேனர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நனஞ்சிக்கிட்டு நின்னத பாத்தேன். புள்ள தூங்குதுன்னு நெனச்சேன். தொரை நிக்கச் சொல்லாம நான் எப்பிடி நிக்க? நீ ஒரு கைய காட்டியிருந்தா நிப்பாட்டிருப்பேன்லா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"தொரை வண்டிக்குக் கை காட்டணும், சரி. புருசன் ஓட்டுற வண்டிக்குமா?"

 அப்பா யாரும் சொல்லாமல் நிறுத்திப் பழகாதவர், அம்மா நிறுத்தச் சொல்லிப் பழகாதவர். அந்த வாய்க்கால் பாலத்தில் இரண்டு பேரும் அவரவருக்குத் தெரிந்த மரியாதையைத்தான் செய்தார்கள். அதற்கு விலையாக என் தம்பி போனான்.

அடுத்த ஞாயிறு காலை அம்மா சேலை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கிளம்பச் சொன்னார். ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கம் பார்க்காமலே, "பழைய தோட்டத்துப் பாலத்துக்கிட்ட நிப்பேன்" என்றார். நாங்கள் பஸ்ஸில் போய் முச்சந்தியில் இறங்கி உள்ளே நடந்தோம். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டிருந்தார்கள். பாதைக்குக் கல் போட்டிருந்தார்கள். பாலம் மட்டும் அப்படியே இருந்தது. அன்று நின்ற அதே பக்கம் அம்மா நின்றார். புல்லில் ஒதுங்கவில்லை, பாதையிலேயே நின்றார். வெயிலுக்குப் பிடித்திருந்த குடையையும் மடக்கவில்லை.

ஜீப் சத்தம் தூரத்தில் கேட்டது. கருஞ்சிவப்பு நிறமும், இரும்பு பாரும், மஞ்சள் விளக்குகளுமாக அது வளைவில் திரும்பி வந்தது. அம்மா கையைக் காட்டவில்லை. ஜீப் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தார். அம்மா குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, படியில் கால் வைத்து ஏறி, அந்தப் பிளாஸ்டிக்மேல் உட்கார்ந்தார். படி சரியான உயரத்தில்தான் இருந்தது.

அப்பா வண்டியைக் கிளப்பினார். இன்ஜின் கேட்கக் கூடாது என்று கேசட்டைப் போட்டார். ஏதோ ஒரு சாமி பாட்டு ஆரம்பித்தது.  மேடு ஏறினோம், ஒரு வளைவு, இன்னொரு மேடு. பின்சீட்டில் இருந்த எனக்கு, பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. அவர் அழுதுகொண்டே, ஆனால் ஒரு மாதிரி மலர்ந்துபோய் ஓட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பலகை அடித்து மூடிக் கிடந்த தோட்டத்து ஆஸ்பத்திரி வந்ததும், "நிப்பாட்டுங்க" என்றார் அம்மா.

அப்பா நிறுத்தினார். பாலத்தில் ஆரம்பித்த பாட்டு இன்னும் முடியவில்லை. அம்மா அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஒரு பாட்டு தூரங்கூட இல்லீங்க" என்றார்.

பிறகு அந்தப் படியில் கால் வைத்து மெதுவாக இறங்கினார். என்னிடம் குடையை வாங்கி விரித்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். நானும் இறங்கி, யாரோடு போவது என்று தெரியாமல் நின்றேன், பிறகு அம்மாவோடு போனேன். ஜீப் கிளம்பும் சத்தம் பின்னால் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். பஸ் வரும்வரை அது வரவில்லை.